தொட்டில் கட்டையில் பல் தடம்

பம்பாய்க்கு வந்த புதிதில் எனக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. இங்கே கட்டில் காலைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். நாற்காலியின் முதுகை அறுத்துச் சட்டமாக்கி, செத்துப்போன அப்பாவின் படத்தை அதில் வைக்கிறார்கள். மேஜை இழுப்பறையைச் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் கண்ணாடி போட்டு, உள்ளே அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் உடைந்த கட்டில் அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் கோழிக்கூட்டுக்குக் கதவாகும். கட்டில் காலுக்குப் பாலீஷ் போட்டுக் கொடுத்தேன் என்று அண்ணனுக்கு எழுதினால், பயலுக்குப் பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்வான். ஆனால் இந்த ஊரில் வீடு மாற மாறச் சின்னதாகிக்கொண்டே போகிறது. பழைய கட்டில் புது வீட்டு வாசலில் நுழையாது, விற்கவும் மனசு வராது. அப்போது எங்களைத் தேடி வருகிறார்கள்.

எங்களை என்றால், மாஹிமில் மேலப்பாளையத்துக் காதர் பாய் நடத்தும் மரப்பட்டறையை. நான் அங்கே ஆறு வருஷமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். தாராவியில் தகரக் கூரை போட்ட ஒரே அறையில் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் தங்கியிருக்கிறோம். என் மனைவி எஸ்தரும் மகள் ஜெபாவும் திசையன்விளைப் பக்கம் ஊரில் இருக்கிறார்கள். நான் ரயிலேறும்போது எஸ்தருக்கு ஐந்து மாசம். மகளை முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு இரண்டரை வயது, வாய் நிறையப் பல். என்னைப் பார்த்து ‘மாமா’ என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

போன வருஷம் மழைக்கு முன்னால் மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா கைவண்டியில் தொட்டிலை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான்கு காலில் நிற்கிற தேக்குத் தொட்டில், சுற்றிலும் கடைந்த மரக் கம்பிகள், மேலே கைப்பிடிக் கட்டை. வண்டிக்காரர் அதை இறக்கிவைத்துவிட்டு என்னிடம், “லட்கா கி லட்கி?” என்று கேட்டார். எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்குத்தான் தொட்டில் என்று நினைத்துவிட்டார். எனக்கு இருப்பது பெண்தானே, ‘லட்கி’ என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாக என் தோளில் தட்டி, மிட்டாய் எங்கே என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டிலில் கிடந்த பையன் பத்தாம் மாசத்தில் போய்விட்டான் என்பது அவர் காதர் பாயிடம் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கோட்டைப் பக்கம் ஆபீசில் வேலை பார்க்கும் கணவரோடு அவர் செம்பூரில் புது பிளாட்டுக்குப் போகிறார். அங்கே தொட்டிலுக்கு இடமில்லை. அதன் மரத்திலேயே சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன மாடம் வேண்டும். அதில் பையனின் வெள்ளிக் கிலுகிலுப்பையையும் ஒரு சட்டையையும் போட்டோவையும் வைக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “அந்த மேல் கட்டைய மட்டும் அப்படியே வச்சிடுங்கோ,” என்றார். நான் தலையாட்டினேன். அறுத்துத் துண்டு போடாதே என்கிறார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

தொட்டிலைப் பிரித்தபோது அந்தக் கட்டையின் உள்விளிம்பில் சின்னச் சின்னக் கீறல்கள் தெரிந்தன. எலி கடித்திருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பெரிய இடத்துப் பொருள், பிள்ளையின் ஞாபகத்துக்குச் செய்கிறோம், எலி கடித்த கட்டையையா கொடுப்பது என்று எனக்கே என் மேல் ஒரு பெருமை. ஊரில் இழைப்புளி, இங்கே ரந்தா. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது என் கையில் நன்றாக ஓடும். நாலே இழுப்பில் கட்டை கண்ணாடியாகிவிட்டது. சுருள்களை அள்ளி வச்சிரப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மார்க்கெட்டுக்கு வந்த வழியில் அந்த அம்மா எட்டிப் பார்த்தார். வாசலிலேயே நின்று, “கொழந்தையோட பல் தடம் பத்திரமா இருக்கோல்லியோ?” என்று கேட்டார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். என் வாய், “இருக்கும்மா, துணி சுத்தி வச்சிருக்கேன்,” என்றது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒரு மெழுகுவர்த்தியைக் கடித்து, பல் பதிவது எப்படி என்று பார்த்தேன். அந்த வளைவைச் சின்னதாக்கிக் கழிவுக் கட்டையில் ஏழெட்டுத் தடவை பழகினேன். கடைசியில் குறுகிய உளியால் அந்தக் கட்டையிலேயே, மேலே நாலு, கீழே நாலு என்று பல் தடம் பதித்தேன். புது மரம் வெளுத்துத் தெரியாமலிருக்கத் தேயிலைச் சாயம் தொட்டு வைத்தேன். காதர் பாய் வந்து பார்த்தார். அவரும் பம்பாய்க்கு வந்து இருபது வருஷம். ஆறு பிள்ளைக்குத் தகப்பன், எல்லாம் ஊரில். தடவிப் பார்த்துவிட்டு, “அச்சு அசலா இருக்குவே. ஆனா அல்லா பாத்துக்கிட்டுல்லா இருக்கான்,” என்றார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

டிராம்பே போகிற பஸ்ஸில் மடியில் மாடத்தை வைத்துக்கொண்டு செம்பூர் போய் இறங்கினேன். மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமையானதால் அந்த அம்மாவின் கணவரும் இருந்தார். சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். கணவர் கிட்டே வந்து பல் தடத்தை விரலால் தடவினார். “பாரேன், பய எப்படிக் கடிச்சு வச்சிருக்கான்,” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அந்த அம்மாவும் கட்டையைத் தொட்டார். தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது. காப்பி கொடுத்தார், குடித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அவனுக்குக் கீழ ரெண்டு பல்லுதான் வந்திருந்தது. மேல வரவே இல்லை,” என்றார்.

நான் குனிந்து செருப்பை மாட்டினேன்.

“உங்களுக்குக் கொழந்தை உண்டா?”

“ஒரு பொண்ணு இருக்காம்மா. ஊர்ல.”

“ஊர்ல,” என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “ஆபீஸ் போய்ட்டு வர்றவர், அவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டாம். நீங்க போய்ட்டு வாங்கோ,” என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மாடத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருந்தாலும் சரிதான் என்று பொறுக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவரோ கணவர் தடவிப் பார்த்து ஆறுதல் அடைகிற அந்தப் பொய்யைத் தானே சுமந்துகொண்டு என்னை அனுப்பிவைத்தார். அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து எஸ்தரின் பழைய கடிதங்களைத் தேடினேன். நான் தேடியது அடியில் கிடந்தது. ‘பாப்பாவுக்குக் கீழே ரெண்டு பல் முளைச்சிருக்கு, நொய்யரிசி மாதிரி. கையில் கிடைச்சதையெல்லாம் கடிக்கிறாள். கதவுக் கட்டையைக்கூட விடவில்லை.’ எனக்கு எழுதியதுதான். என் பெயருக்கு வந்ததுதான். வாசித்து, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். குடும்பத்தோடு இருக்கிற எந்தத் தகப்பனும் அந்தக் கீறலைப் பார்த்து எலி என்று சொல்லியிருக்க மாட்டான். இதை வாசிக்கிற பம்பாய்க்காரர்களே, உங்கள் பிள்ளைக்கு எந்தப் பல் முதலில் வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் என்னைத்தான் கேட்டுக்கொண்டேன்.

போன மாசம் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் எஸ்தர் முறுக்கு கொடுத்துவிட்டிருந்தாள். கூடவே ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சில் பொதிந்து ஜெபாவின் முதல் பல். கீழ் வரிசையில் ஆடி விழுந்ததாம். நம் வழக்கப்படி சாணியில் பொதிந்து கூரையில் எறியச் சொன்னாளாம் எஸ்தர். பிள்ளை கேட்கவில்லை. பம்பாயில் அப்பா வீட்டுக் கூரையில் போட்டால்தான் பல் முளைக்கும் என்று ஒரே அழுகையாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, அறை வாசலில் நின்று அந்தப் பல்லைக் கூரைக்கு எறிந்தேன். தகரத்தில் டிக்கென்று விழுந்தது, உருண்டது, என் காலடிக்கே திரும்பி வந்தது. இன்னொரு தடவை எறிந்தேன். மறுபடியும் வந்தது. பக்கத்து அறை மராத்திக்காரம்மா துணி காயப்போட்டபடி, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பல்லைத் துடைத்துத் தீப்பெட்டியிலேயே வைத்துவிட்டு, போட்டாச்சு என்று எஸ்தருக்குக் கடிதம் எழுதினேன்.

நேற்றுப் பதில் வந்தது. புதுப் பல் முளைத்துவிட்டதாம். எங்க அப்பா பம்பாயில போட்டதாலதான் முளைச்சுது என்று ஜெபா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருக்கிறது. யார் யாருடைய ஞாபகத்துக்கோ மாடம் செய்து சுவர் சுவராக மாட்டிக் கொடுக்கிறேன், இதை எங்கே வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.