தீர்த்தம் தெளித்த கணினி

அச்சகத்துக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த விதி ஒன்றே ஒன்றுதான். கணினியின் நகல் வைக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து, அவர் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். நின்று முழுவதும் படித்துவிட்டு, நல்லா இருக்கு தம்பி என்றார். ஆயுத பூஜையன்று அந்தத் தாளுக்கும் மூன்று சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே மாடியில் இருக்கிறது அந்த அச்சகம். நான் அங்கே வேலை செய்பவன் அல்ல. அந்த வட்டாரத்துச் சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கணினி ஓடும்வரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுவிட்டால் நான் குளிக்கும்போதுகூடப் போன் வரும்.

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அட்டை எல்லாவற்றையும் அங்கே தட்டச்சு செய்து பக்கம் கட்டுபவர் ஓர் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பார். அவர் கைக்குப் பழகிய தமிழ் மென்பொருள் மிகப் பழையது, புதிய விண்டோஸில் ஓடாது. புதியதற்கு மாறச் சொல்லி இரண்டு நாள் உட்காரவைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டேன். கடைசியில், ஒரு புதிய கணினி வாங்கி, பழைய கணினியை அப்படியே அதற்குள் குடிவைத்தேன். மெய்நிகர் கணினி என்று எழுதுவார்கள், நாங்கள் வி.எம். என்போம். பழைய விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, அக்காவின் இருபது வருட வேலை எல்லாம் ஒரே ஒரு பெரிய கோப்பு. திறந்தால் உள்ளே அந்தப் பழைய திரை அப்படியே நிற்கும்.

அந்தக் கோப்பைத் தினமும் முழுதாக நகலெடுக்க இரண்டு மணி நேரத்துக்குமேல் பிடித்தது. அதுவரை கணினி நகராது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முதலாளி எனக்குப் போன் போடுவார். அதனால் முறையை மாற்றினேன். ஒருமுறை முழு நகல், பிறகு அன்றன்று மாறிய பகுதி மட்டும் அதன்மேல் அடுக்கடுக்காக. பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் முதல் டிஸ்க்கை அப்படியே இரண்டாவதில் நகலெடுத்து, அந்த இரண்டாவதை முதலாளி கிள்ளானில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். எனக்கு ரொம்பப் பெருமை.

அன்றைக்கே அக்காவின் பழைய பழக்கம் ஒன்றையும் நிறுத்தினேன். தினமும் ஐந்து மணிக்குச் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவைச் செருகி, அன்றைய வேலையை அதில் போட்டுக்கொள்வார். அதே பென் டிரைவ் அவர் வீட்டுக் கணினிக்கும் போகும், மகன் கல்லூரிக்கும் போகும், எல்லா வைரஸையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். இனிமேல் இது வேண்டாம் அக்கா, நான் இருக்கிறேன் என்று சொல்லி, கணினியில் அந்தத் துளையின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். சரி தம்பி என்றார்.

ஜூன் மாதத்தில் கிள்ளானில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் வேலை வந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கம். எல்லாம் கையெழுத்துப் பிரதி, அதுவும் ஆளுக்கொரு கையெழுத்து. நான்கு மாதம் அக்கா ஒருவரே தட்டினார். இதற்குமேல் பெரிய வேலை எடுத்தால் கை தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்ததை என்னிடம் சொன்னார், முதலாளியிடம் சொல்லவில்லை. மலர் முடிகிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

மறுநாள் காலை நான் சுங்கை பூலோவில் வேறொரு கடையில் இருந்தேன். முதலாளி போன் செய்தார். சுவிட்சைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம், பிறகு தீய்ந்த வாசனை. போய்ப் பார்த்தால் கணினிப் பெட்டியின் தலையில் குங்குமம், சாமந்தி, காற்றுப் போகும் சல்லடை முழுக்க ஈரம். காலையில் பூஜையை முடித்துவைத்ததும் முதலாளி கும்பத்துத் தண்ணீரை மாவிலையால் எல்லா இயந்திரங்களுக்கும் தெளித்திருக்கிறார். அச்சு இயந்திரத்துக்குத் தெளித்தால் ஒன்றும் ஆகாது, அது இரும்பு. கணினிக்கும் அதே மாவிலை, அதே தண்ணீர்.

"கொஞ்சூண்டுதான் தெளிச்சேன் லா தம்பி. வருசா வருசம் தெளிக்கிறதுதானே?"

பழைய பெட்டிக்கு மேல்பக்கம் திறப்பு கிடையாது, இதற்கு உண்டு. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால், வாழையிலையில், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் பொட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது ஏன் இங்கே வந்தது என்று கேட்டேன்.

"பூஜைக்கு எல்லாம் ஒண்ணா இருக்கணும்ல? இது மட்டும் கிள்ளான்ல தனியா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். அவரும் பார்த்தார். அதன் மேலிருந்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

டிஸ்க்குகளின் துளையில் புகுந்திருந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தேன். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. என் அலுவலகத்திலிருந்து ஒரு கணினியைக் கொண்டுவந்து மீட்கும் வேலையைத் தொடங்கினேன். எவ்வளவு மீண்டது என்று காட்டும் பச்சைப் பட்டை திரையில் மெல்ல நகர்ந்தது. அது நகர்ந்த நேரமெல்லாம் நான் முதலாளிக்கு வகுப்பு எடுத்தேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்து தீப்பிடித்திருந்தால்? திருடன் வந்திருந்தால்? அவர் தலையை ஆட்டிக்கொண்டே எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலர் அச்சுக்குப் போகப் பதினேழு நாள் இருந்தது.

பட்டை ஜூன் மாத நகலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அடுக்கடுக்காக வைக்கிற முறையில் நடுவே ஓர் அடுக்கு கெட்டால் அதற்கு மேலே உள்ளது எதுவும் நிற்காது. ஜூனில் ஒருநாள், நகல் ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கலாம். அன்றைய அடுக்கு அரைகுறை. நகல் சரியாக இருக்கிறதா என்று மென்பொருளே சோதித்துச் சொல்லும் வசதி உண்டு. ஆனால் சோதித்தால் பத்து நிமிடம் ஐம்பது நிமிடமாகும். அதனால் அதை அணைத்து வைத்தது நான். இரண்டாவது டிஸ்க்கைச் செருகினேன். அதுவும் அதே இடத்தில் நின்றது. முதல் டிஸ்க்கில் இருந்ததை வாராவாரம் அப்படியே எடுத்த நகல்தானே அது, கெட்டதையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தது. கிள்ளானிலேயே பத்திரமாக இருந்திருந்தாலும் இதே கதிதான்.

மீட்டுப் பார்க்காத நகல் நகலே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். இந்த அச்சகத்தில் ஒருநாளும் மீட்டுப் பார்த்ததில்லை. எரிந்துபோன கணினிக்குள் இருந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் தரவு மீட்கும் ஒருவரிடம் ஓடினேன். அவர் அதன் மின்பலகையைப் பூதக்கண்ணாடியில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதில் எதுவும் மிஞ்சாது என்று திருப்பிக் கொடுத்தார். வண்டியில் வரும் வழியெல்லாம் முதலாளியைத் திட்ட வார்த்தை தேடினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் போனேன். சுற்றி வளைத்து, அடுக்கு, சோதனை என்று ஏதேதோ சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மலர் மொத்தமும் போயிடுச்சா தம்பி என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் அந்தச் சாவிக்கொத்து கண்ணில் பட்டது. பென் டிரைவ் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுங்கள் என்று கேட்கவும் செய்யாமல் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். வைரஸ் இருந்தாலும் பரவாயில்லை, இருநூறு இருந்தாலும் பரவாயில்லை என்று மனசு அடித்துக்கொண்டது.

கடைசிக் கோப்பு ஒரு பங்குனி உத்திர நோட்டீஸ். நான் டேப் ஒட்டியதற்கு முந்தின நாள் போட்டது.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே தம்பி. அன்னையோட நிறுத்திட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அந்த அச்சகத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

கோயில்காரர்கள் பார்த்துத் திருப்பியனுப்பிய அச்சுப் படிகள் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தங்கள், ஸ்கேன் செய்து பயனில்லை. அக்கா கையெழுத்துப் பிரதிக் கட்டை எடுத்து வைத்தார். மணிக்கட்டுப் பட்டையை ஒரு துளை இறுக்கினார். வாசிங்க, அப்பதான் வேகமா போகும் என்றார். பதினைந்து நாள் என் வேலையெல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். தல வரலாறு, வாழ்த்துரைகள், உபயகாரர் பட்டியல். நடுநடுவே அவர் கையை உதறும்போது நான் நிறுத்துவேன், அவர் ம் என்பார், தொடர்வேன்.

மலர் நேரத்துக்கு வந்துவிட்டது. சாமி காப்பாத்திடுச்சு பார்த்தீங்களா என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார், எனக்கு ஒரு பிரதியும் கொடுத்தார். அந்த வாரமே அக்காவுக்கு மணிக்கட்டில் ஊசி போட்டார்கள். இப்போது அந்தச் சோதனை தினமும் ஓடுகிறது, ஐம்பது நிமிடம். மாதாமாதம் முதல் சனிக்கிழமை நான் போய் முழுதாக மீட்டுப் பார்க்கிறேன். டேப்பையும் கிழித்துவிட்டேன். ஐந்து மணிக்கு அக்கா பழையபடி பென் டிரைவைச் செருகுகிறார். இடது கையால் செருகுகிறார், வலது கையில் இன்னும் பிடிமானம் வரவில்லை.