பந்தி வேளையில் ஒரு டிஜே: நாமகிரிப்பேட்டைக்குப் போய்வந்த கதை

பெங்களூரில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். நைட் கிளப் பக்கம் போனது மொத்தமே மூன்று தடவை. மூன்றும் யாராவது ஆபீஸை விட்டுப் போகும்போது வைத்த பார்ட்டி. அப்படிப்பட்ட நான் ஒரு டிஜே பாட்டு போடுவதைப் பார்க்க, அதுவும் பட்டப்பகலில், அதுவும் நாமகிரிப்பேட்டைக்குப் போய்வந்தேன் என்றால் ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை. பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் டீமில் இருக்கும் சௌமியாவும் பெங்களூர் கிளப் ஒன்றில் பாட்டு போடும் கோகுல் என்கிற டிஜேவும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். இருவருக்கும் ராசிபுரம் வட்டாரம்தான். கோகுல் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். சௌமியாவின் அப்பா செங்கோட்டுவேல் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிவருவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அவரும் எல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் சொன்னதை சௌமியா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"கெணத்த எட்டிப் பாத்தனுங்க, தண்ணி கெடக்குது. தம்பி வேலைய எங்க போயி எட்டிப் பாக்கறதுங்க? கிளப்புக்கெல்லாம் நான் வரமாட்டேன். பகல்ல, நாலு சொந்தபந்தம் முன்னால செஞ்சு காட்டட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

சரியாக அந்த நேரத்தில் கோகுலின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. மண்டபத்தில் கோகுல் பாட்டு போடுவது, செங்கோட்டுவேல் வந்து பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. பேச்சு முடியாமல் பெண் அங்கே போகக் கூடாது என்பதால் சௌமியா வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்களாச்சும் போங்கக்கா, அங்க என்ன நடக்குதுன்னு ஒருத்தர் எனக்குச் சொல்லோணுமல்ல" என்று கெஞ்சினாள். ஊர் சுற்ற எனக்குக் காரணமே தேவையில்லை. கறி விருந்து வேறு என்றாள், கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பெங்களூரிலிருந்து சேலத்துக்கு பஸ். இருநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். அதில் அரை மணி நேரம் கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். அங்கே விற்ற காபியைப் பற்றி எழுதினால் கை அழுக்காகும். சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு சுத்தமான அறை கிடைத்தது. சாயங்காலம் தெருவோரத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் காரச் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்களை நான் நம்புவதில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு ராசிபுரம் பஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. நாமக்கல் போகும் பஸ்ஸில் பாதி ராசிபுரம் ஊருக்குள் நுழையாது, ஆண்டகளூர் கேட்டிலேயே இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் பறந்துவிடும். நான் ஏறும்போதே கண்டக்டரிடம் "ராசிபுரம் உள்ளே போகுமா?" என்று கேட்டேன். "உள்ள போயி, பஸ் ஸ்டாண்டுல உங்களக் கைப்புடிச்சு எறக்கி உடறனுங்க, ஏறுங்க மொதல்ல" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். அங்கிருந்து நாமகிரிப்பேட்டை பத்து கிலோமீட்டர் போல. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வலது பக்கம் உட்கார்ந்தாலும் இடது பக்கம் உட்கார்ந்தாலும் மலை தெரியும். வழியெல்லாம் மஞ்சள், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, பாக்கு. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் களங்களில் கிழங்கு மாவை வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். அந்த வெள்ளையைக் கூலிங் கிளாஸ் இல்லாமல் பார்க்க முடியவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி பத்து. மேல் மாடியில் விழா, கீழே சாப்பாட்டுக் கூடம். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, காது குத்தி, அழுது முடித்த குழந்தை சந்தனம் பூசிய தலையோடு எல்லோர் மடியிலும் மாறி மாறி உட்கார்ந்திருந்தது. கோகுல் மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே இருந்தான். கறுப்புச் சட்டைக்குக் கீழே வேட்டி.

"அக்கா, எந்த ஒயர எங்க சொருகறதுன்னே மறந்து போச்சுங்கக்கா" என்றான். "ஆயிரம் பேரு முன்னாலயும் போட்டிருக்கேன், இப்பிடி ஆனதில்ல."

அவன் வேலையை இந்த இடத்தில் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். ஒரு கிளப்பில் பேர் போன டிஜே பதினோரு மணிக்குத்தான் மேடை ஏறுவார். கிளப் திறப்பதோ எட்டரைக்கு. நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பாட்டு போடுபவன்தான் கோகுல், ஆறு வருடமாக. வருகிறவர்களை மெதுவாகச் சூடாக்க வேண்டும். தெரிந்த பெரிய பாட்டுகளைத் தொடக் கூடாது, அது பின்னால் வருகிறவரின் சொத்து. எடுத்த எடுப்பில் சத்தத்தை ஏற்றக் கூடாது. பாட்டு ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. பகலில் அறையைச் சாத்திக்கொண்டு சொந்தமாக இசை செய்கிறான். போன வருடம் அவன் செய்த ஒன்றை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கி வெளியிட்டது. அதற்கப்புறம்தான் கிளப்காரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை பதினோரு மணி மேடையை அவனுக்கே கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் உடம்பில் ஊறியது அந்த முதல் இரண்டரை மணி நேரம்தான்.

ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தவர் ராசிபுரம் ரேடியோ செட் மணி. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று இருபது வருடமாக இந்தச் சுற்றுவட்டாரத்தை ஆட வைப்பவர். அவர் கோகுலிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "தம்பி, எடுத்தொடனே குத்துப்பாட்டப் போட்ருங்க. நம்ம சனத்துக்கு லேட்டாக்குனா ஆகாது."

"இல்லீங்கண்ணா, மெதுவாத்தான் ஏத்தோணும். கடைசில பாருங்க" என்றான் கோகுல். அவன் பேச்சிலிருந்த கெத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன். அறிவாளிகள் இருவர்!

பதினொன்றரைக்குச் செங்கோட்டுவேல் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, கூட ஒரே ஒரு மச்சான். கோகுலின் அப்பா ஓடிப்போய் வரவேற்று மோர் கொடுத்தார். "இருக்கட்டுங்க" என்று டம்ளரைத் தொடாமலே கும்பிட்டார். காபி? "இருக்கட்டுங்க." பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "சம்மந்தம் முடிவாகாம மாப்ள ஊட்டுல கை நனைக்க மாட்டாங்கம்மா. நனைச்சுட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். இதை உடனே சௌமியாவுக்கு அனுப்பினேன். "தெரியும்க்கா, என்ன பண்றாரு?" என்று பதில் வந்தது. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார் என்று எழுதினேன்.

கோகுல் ஆரம்பித்தான். அடியில் மெல்லிய ஒரு தாளம், மேலே மழை தூறுகிற மாதிரி ஏதோ. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பத்து நிமிடம் கழித்து ஒரு மாமா சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க, இன்னும் டெஸ்டிங் முடியலீங்களா?" மண்டபமே சிரித்தது. இன்னொருவர் "கெரகம், டிஜேன்னாங்க, மோட்டார் ஓடற சத்தமில்ல கேக்குது" என்றார். கோகுல் காது சிவக்க, ஆனால் விடாமல், அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டே போனான். மணி பன்னிரண்டரை. இரண்டு சின்னப் பெண்கள் ஆட எழுந்துவிட்டார்கள். நாலைந்து பையன்கள் தோளைக் குலுக்கினார்கள். இதோ, இன்னும் ஐந்தே நிமிடம், உச்சத்துக்கு வரப்போகிறது என்று எனக்கே புல்லரித்தது.

அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு குரல்: "எலை போட்டாச்சுங்க! எல்லாரும் பந்திக்கு வாங்கோ!"

அவ்வளவுதான். கீழேயிருந்து கிடாக்கறிக் குழம்பு வாசம் மேலே வந்தது, மேலேயிருந்த ஜனம் கீழே போனது. ஆடிக்கொண்டிருந்த சின்னப் பெண்களை அவர்கள் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். ஆறு வருட அனுபவத்தோடு நிமிடக் கணக்காகத் திட்டம் போட்டவன் பந்தியை மட்டும் மறந்துவிட்டான். பாவி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன்! கிளப்பில் யாரும் இலை போட்டுக் கூப்பிடுவதில்லை அல்லவா, மறந்துவிட்டான்.

மண்டபத்தில் மேடையில் கோகுல், பெட்டி ஓரத்தில் ரேடியோ செட் மணி, சுவரோரம் நான். நானூறு காலி நாற்காலிகள். முன்வரிசையில் ஒருவர். கை நனைக்க முடியாததால் செங்கோட்டுவேல் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் மச்சான்கூட "காத்து வாங்கிட்டு வாரேன்" என்று நழுவிவிட்டார்.

"நிறுத்திப்போட்டுச் சாப்பிடப் போங்க தம்பி" என்றார் மணி, பாவமாக.

"ஒருத்தர் இருக்காருங்கண்ணா" என்றான் கோகுல். "மொத ஒரு மணி நேரம் எனக்கு எப்பவுமே இப்பிடித்தான். ஒருத்தருக்குப் போடறதுதான் என்னோட வேலையே."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். எனக்கு அந்த நிமிடத்தில் அவனை அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஏற்றியதையெல்லாம் பைய இறக்கினான். செங்கோட்டுவேலின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தான். ஒரு தாளம் போட்டான், கால் அசையவில்லை. மாற்றினான், அசையவில்லை. பிறகு உருமி மாதிரி உறுமுகிற ஒன்றை அடியில் விட்டான். செருப்பு நுனி ஒரு தடவை தரையைத் தட்டியது. கோகுல் அதைப் பிடித்துக்கொண்டான். அந்தச் செருப்பு போகும் வேகத்துக்கே பாட்டைக் கொண்டுவந்து, அப்புறம் அது அறியாமல் அதைக் கூட்டிக்கொண்டு போனான். கால் மணி நேரத்தில் முழங்கால் ஆடியது, தோளிலிருந்த துண்டு மடிக்கு வந்தது.

அவர் எழுந்து நேராக மேடைக்குப் போனார். கோகுல் விறைத்துப் போனான்.

"தம்பி, சத்தத்தக் கூட்டுனீங்களா?"

"இல்லீங்க மாமா… இல்லீங்க ஐயா. வேகத்தத்தான். துளித்துளியா. கேக்கறவங்களுக்குத் தெரியாதுங்க."

"ஏன் ஒரேயடியா கூட்டல?"

"அரண்டு போயிருவாங்க. அப்பறம் ஆடமாட்டாங்க, நின்னு பாப்பாங்க."

செங்கோட்டுவேல் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பண்ணையில குஞ்சு வளந்து முட்டைக்கு வாரப்ப வெளிச்சத்தக் கூட்டோணும். ஒரேயடியா கூட்டக் கூடாது, வாரத்துக்குக் கொஞ்சமா. நம்ம பண்ணைல இருந்த ஒருத்தனுக்கு இதச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. பொறுமையே இல்ல அவனுக்கு" என்றார். கோகுலின் மெஷினில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

முதல் பந்தி முடிந்து ஜனம் ஏப்பம் விட்டுக்கொண்டு மேலே ஏறியது. வயிறு நிறைந்தால் இந்த ஊருக்கே வேறு முகம். டெஸ்டிங் மாமாதான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தைகள் ஆட இறங்கினார்கள், மொட்டைத்தலைக் குழந்தை அதன் அப்பா தோளில் ஏறி இறங்கியது, மணி அண்ணன் பெட்டியை விட்டுவிட்டு வந்து விசிலடித்தார். நானும் ஆடினேன். நன்றாகவே ஆடினேன், வீடியோ இருக்கிறது, காட்டமாட்டேன்.

ஆடி மூச்சு வாங்கித் திரும்பினால் முன்வரிசை நாற்காலி காலி. கோகுலும் பார்த்துவிட்டான். கை வேலையைச் செய்தது, முகம் செத்துவிட்டது. "போய்ட்டாரா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். நான் படிக்கு ஓடினேன்.

அந்தப் படியில் இரண்டு திருப்பம் இறங்க வேண்டும். அதற்குள் பயணக் குறிப்புகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனம் இருக்காது. திட்டாதீர்கள். தை, மாசியில் போங்கள், வெயில் பொறுக்கும், கிழங்கு அறுவடையும் பார்க்கலாம். சேலத்தில் தங்குவதுதான் வசதி. ராசிபுரத்தில் நெய் வாங்காமல் வராதீர்கள், டப்பாவை நன்றாக மூடச் சொல்லுங்கள், என் பை இன்னும் மணக்கிறது. மொத்தச் செலவு எனக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. இன்னொன்று, எந்த ஊர் கிளப்புக்குப் போனாலும் திறக்கிற நேரத்துக்கே போங்கள். காலி இடத்தில் ஒருவர் நமக்காகவே பாட்டு போடுவது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

கீழே கடைசிப் பந்தி. பாதி இலைகள் காலி. மூலையில் செங்கோட்டுவேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று, சோறு மலையாக இருந்தது. கோகுலின் அப்பா குழம்பு வாளியோடு எதிரே நின்றார். கரண்டி கையில் இருந்தது, ஊற்றத்தான் மறந்துவிட்டார்.

"என்னங்க சம்மந்தி, பாத்துட்டே நிக்கறீங்க?" என்றார் செங்கோட்டுவேல். "எலும்பாப் பாத்து நாலு போடுங்க. பசி உசுரு போவுது."

நான் சௌமியாவுக்குப் போன் போட்டு, "உங்க அப்பா சாப்பிடறாருடீ" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ விழுந்த சத்தமும் அழுகையும் சிரிப்பும்தான் கேட்டது. மறுபடி மேலே ஓடினேன். அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கோகுலுக்குக் கேட்காது. கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்தி, ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. கீழே கையைக் காட்டினேன், முன்வரிசை நாற்காலியைக் காட்டினேன், மறுபடி விரல்களை வாய்க்குக் கொண்டுபோனேன்.

சட்டென்று பாட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்த இருநூறு பேரும் அப்படியே நின்று, "கரண்டு போச்சுங்களா?" என்று மேலே ஃபேனைப் பார்த்தார்கள். ஒரு நொடிகூடப் பாட்டை நிறுத்தாமல் ஆறு வருடம் ஓட்டியவன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிக் குழம்பு வாளியை அப்பா கையிலிருந்து வாங்க ஓடிக்கொண்டிருந்தான்.