மண்டபத்திலிருந்து ஒரு தந்தி

முப்பது வருஷம் தபால் ஆபீசில் உட்கார்ந்தவனுக்குத் தந்தி பாஷை தெரியாமல் இருக்குமா? எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் யாருக்காவது ‘சீரியஸ், உடனே புறப்படு’ என்று வந்தால், பாதிக்குப் பாதி ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். செத்துவிட்டார் என்று எழுதினால் வாங்குகிறவர் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார், பஸ் ஏறமாட்டார். அதனால் சீரியஸ் என்று போடுங்கள் என்று ஊராருக்கு யோசனை சொன்னவனே நான்தான். எத்தனையோ பேருக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருஷம் ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதே சொல்லோடு எனக்கே தந்தி வந்தது. மன்னாரிலிருந்து அத்தான் அனுப்பியிருந்தார். அக்கா சீரியஸ், உடனே புறப்படு.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டாள். ஊட்டி, குளிப்பாட்டி, அடித்து வளர்த்தது எல்லாம் அக்காதான். அவளைக் கடலுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது எனக்கு எட்டு வயது. மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தேனாம். நான் கோபக்காரன் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவள் நாலைந்து தடவை இங்கே வந்து போனாள். நான் ஒரு தடவையும் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்ததில், நடுவே பாஸ்போர்ட், விசா என்று புது வழக்கமெல்லாம் வந்துவிட்டது. ‘நீர் கோத்துக் காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்’ என்று அத்தான் எழுதிய பிறகுதான் மனுப் போட்டேன். ஏழு மாதம் இழுத்தடித்துக் காகிதங்கள் வந்து சேர்ந்தன. அந்த வாரமே தந்தியும் வந்தது.

அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதில், அதுவரை குளத்தைத் தவிர வேறு தண்ணீரில் இறங்காதவன், தனியாகக் கப்பலேறப் புறப்பட்டேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஜவுளிக் கடைக்குப் போனேன். அக்கா உயிரோடிருந்தால் தம்பி கொண்டுபோகிற சேலைக்குச் சீர் என்று பெயர். செத்திருந்தால் அதே சேலைக்குக் கோடி என்று பெயர். பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே விழாமல் எங்கள் பக்கத்தில் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். உடன்பிறந்தவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் வரட்டும் என்று காத்துக் கிடப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு சேலை வேண்டும்.

“விசேஷத்துக்கா, கேதத்துக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

அது அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. விசேஷம் என்றால் சேலை முனையில் மஞ்சள் தொட்டுக் கொடுப்பார். கேதம் என்றால் “போயிட்டு வாங்க” என்றுகூடச் சொல்லமாட்டார்.

“தெரியல” என்றேன்.

“தெரியலைன்னா எப்படிங்க?”

“தெரியலைன்னா தெரியல. அந்த அரக்குக் கலர் சேலையைக் கட்டிக் குடுங்க.”

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மஞ்சள் வைக்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் ராமநாதபுரத்தில் இறங்கினேன். மறுநாள் மத்தியானம் ரயிலேறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், புதன் இரவுக்குள் அக்கா வீடு. நடுவில் இருப்பது ஒரு ராத்திரி. ஏதாவது ஓட்டலில் துண்டை விரித்துப் படுத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. ஆனால் அது என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். அப்பன் ஊருக்குள் வந்து வெளியில் தங்கினான் என்று தெரிந்தால் அவளை வாழ்நாள் பூராவும் குத்திக் காட்டுவார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மகள் கர்ப்பமாக இருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் அத்தை சாகக் கிடக்கிறாள் என்று சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதால், “அத்தையைப் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பிட்டேன்” என்று சிரித்த முகத்தோடு சொல்ல முடிந்தது.

நான் கிணற்றடியில் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள், மகள் என் பையைத் திறந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டிருந்தாள். சேலை அவள் மடியில் இருந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

“அய்யா, நீங்க மறந்திருப்பீகன்னு நெனச்சேன்” என்றாள்.

சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டு, “ஏழாம் மாசம் முடியப் போகுதே, பொறந்த வீட்டுல இருந்து ஒரு வளையல் வந்து விழலையேன்னு நேத்துக்கூடப் பேசினேன்ணே. ஆத்தா இல்லாத பிள்ளை, யாரு நெனச்சுப் பாப்பாகன்னு இருந்தேன். தப்பா நெனச்சுட்டேன்” என்றார்.

ஏழாம் மாதம் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. என் மனைவி இருந்திருந்தால் வளையல், ஏழு வகைச் சோறு என்று வண்டி கட்டி வந்திருப்பாள். அவள் போன பிறகு இதையெல்லாம் நினைவில் வைக்க எனக்குத் தெரியவில்லை. இது உனக்கு இல்லை, அத்தைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியாரை வைத்துக்கொண்டு, உனக்கு நான் ஒன்றும் கொண்டு வரவில்லை, நீ பிள்ளை சுமப்பதையே மறந்துவிட்டேன் என்று சொன்னதாக ஆகியிருக்கும். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சம்பந்தியம்மா அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். நாளைக்கே வளையல்காரரை வரச் சொல்லி வளைகாப்பை முடித்துவிடலாம் என்றார்.

“நாளைக்கு மத்தியானம் எனக்கு ரயிலு தங்கச்சி.”

“ரயிலு நாளான்னைக்கும்தான் போகும். பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்குமாண்ணே? ஏழாம் மாசம் போனா வருமா?”

சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அவருக்கு அந்த வீட்டில் அதுதான் உத்தியோகம்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நான் மனதுக்குள் ஒரு நியாயம் பேசிப் பார்த்தேன். தந்தி சொல்வது நான் எழுதுகிற சீரியஸ் என்றால், அக்கா ஏற்கெனவே போய்விட்டாள், ஒரு நாளில் குடி முழுகாது. நிஜமாகவே சீரியஸ் என்றால், இத்தனை மாதம் தாங்கியவள் இன்னும் ஒரு நாள் தாங்கமாட்டாளா? இப்படி இரண்டு பக்கமும் பேசி எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா சேலையைப் பிரித்து, “மஞ்சக்கூட வைக்காம வாங்கியாந்திருக்கீகளே. ஆம்பளை துணி எடுத்தா இப்படித்தான்” என்று சிரித்தபடி, மஞ்சளைக் குழைத்து நாலு முனையிலும் தொட்டு வைத்தார். மகள் அதைக் கட்டிக்கொண்டு வந்து மனையில் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், அவள் அம்மா ஜாடை தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். அது கோடிக்கும் சேர்த்து எடுத்த துணி என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுந்து போய்ப் பிடுங்க முடியுமா? வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். பந்தி நடக்கும்போது ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

வியாழக்கிழமை புறப்படும்போது மகள் காலில் விழுந்து எழுந்து, “அத்தைக்கு என்னய்யா கொண்டுபோறீக?” என்று கேட்டாள். “அங்கன போய் வாங்கிக்கிருவேன்” என்றேன். ராமநாதபுரத்திலும் ஜவுளிக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்காரன் கேட்கும் அந்தக் கேள்விக்கு இரண்டாவது தடவை பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வெறுங்கையோடு ரயிலேறினேன்.

விடியற்காலையிலிருந்தே காற்று. மண்டபத்தில் கப்பலுக்குப் போகிறவர்களை இறக்கி, காகிதத்தையும் அம்மை குத்திய தழும்பையும் பார்ப்பது வழக்கம். எங்களை இறக்கினார்கள், பார்த்தார்கள், திரும்ப ஏற்றவில்லை. புயல் கூண்டு ஏறிவிட்டது, பாம்பன் பாலத்தில் ரயில் விடமாட்டார்கள், கப்பலும் இல்லை என்றார்கள். எப்போது விடுவீர்கள் என்று கேட்டால், காற்று அடங்கினால் என்றார்கள். அதிகாரியிடம் சண்டை போடலாம், காற்றிடம் என்ன சண்டை போடுவது? இருந்தும் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தேன். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “இந்த வயசுல தனியாவா வந்தீக?” என்று பரிதாபப்பட்டாள். “வயசையும் சேத்தா ரெண்டு பேரு” என்று சொல்லிவிட்டுத் தபால் ஆபீசைத் தேடிப் போனேன்.

ஆள் போக முடியாவிட்டாலும் தந்தி போகும். தந்திப் பாரத்தை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிய கைதான். அக்கா போயிருந்தால் எழுத வேண்டியது இதுதான்: காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். இருந்தால்? மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவளின் வீட்டுக்கு, எடுத்துவிடுங்கள் என்று தம்பி தந்தி கொடுப்பானா? ஒரு பாரத்தைக் கிழித்தேன், இன்னொன்றைக் கெடுத்தேன். கடைசியில், இருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டேன். தம்பி வருகிறான் என்று காதில் விழுந்தால் இரண்டு நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். ‘கமிங்’ என்று ஒரே சொல் எழுதி நீட்டினேன்.

உள்ளேயிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். வாசித்துவிட்டு, “கப்பல் நிக்குதுன்னும் ஒரு வார்த்தை சேத்துக்கிருவமா அய்யா?” என்றார்.

“ஒன் வயசு எனக்குச் சர்வீசு. எனக்குத் தந்தி எழுதச் சொல்லித் தாரியா?” என்றேன்.

கப்பல் இல்லை என்று கேட்டால் அவள் மனதை விட்டுவிடுவாள், அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் தந்திக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் நிம்மதியாகக்கூட வெளியே வந்தேன்.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் காற்று ஓயவில்லை. மணல் பறந்து சோற்றில் விழுந்தது. மன்னார் ஒன்றும் சீமையில் இல்லை, கிட்டத்தட்ட கூப்பிடு தூரம். காலையும் மாலையும் கரையில் போய் நின்று பார்த்தேன், கடல் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. சாமியை வேண்டினேன், பிறகு திட்டினேன், பிறகு பயந்துபோய் மறுபடியும் வேண்டினேன். ஞாயிற்றுக்கிழமை ரயில் விட்டார்கள். கப்பலில் யார் யாரோ வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை.

அக்கா வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் பந்தல் கால் பிடுங்கிய குழிகள் மூடாமல் இருந்தன. அத்தான் வந்து என் பையை வாங்கிக்கொண்டார். அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“வியாழக்கெழமை காலையில ஏழு மணிக்குப் போயிட்டா. தம்பி எங்க, தம்பி எங்கன்னு புதன் ராத்திரி பூராவும் கேட்டா. ஒன்கிட்டருந்து சேதியில்லை, சாயங்காலமே எடுத்துருவம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள ஒன் தந்தி வந்துருச்சு. வாரேன்னு போட்டிருந்தியே. சரி, கோடியோட வாரான், வச்சிருங்கன்னு சொல்லிட்டேன்.”

“எவ்வளவு நேரம்?” என்றேன்.

“சனிக்கெழமை விடியவரைக்கும்.”

நீர் கோத்த உடம்பு. இரண்டு பகல், இரண்டு ராத்திரி. புதன்கிழமை ரயிலில் ஏறியிருந்தால் அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதே போய் நின்றிருப்பேன். அது ஒன்று. கப்பல் நிற்கிறது என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அவளை நேரத்தோடு எடுத்திருப்பார்கள். அது இன்னொன்று. இரண்டையும் வேறு யாரும் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

கோடி யார் போட்டது என்று மறுநாள் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் என்றார்கள். தொண்டியிலிருந்து போய் அங்கே வியாபாரம் பார்த்த முஸ்லிம் ஒருவர். சனிக்கிழமை விடியற்காலையில் தானாகவே ஒரு புதுச் சேலையோடு வந்து, “நானும் அந்தக் கரையில பொறந்தவன்தானே, என்னைப் பொறந்த வீடுன்னு வச்சுக்கிருங்க. எடுத்துருங்க” என்றாராம்.

கும்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் கடைக்குப் போனேன். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மய்யித்தை அதுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன். ஒங்க எடத்துல நின்னு செய்யிறப்போ மரியாதையாச் செய்யணும்னுதான் நெனச்சேன். முடியலங்க. மூக்கைத் துணியால கட்டிக்கிட்டுத்தான் அக்கா மேல சேலையைப் போட்டேன். மன்னிச்சுக்கிருங்க.”

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.