வெள்ளிக்கிழமைப் பூனைகள்

பால்மாவை உள்ளங்கையில் கொட்டி நீட்டினால், பூனையின் மூக்கு முதலில் குளிர்ச்சியாக வந்து ஒட்டும். பிறகு அதன் நாக்கு அரத்தைப் போல உரசும். மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ள, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயை மென்று மென்று அது திணறும். கையில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும், விரலிடுக்குகளில் ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும். அப்பாவின் தேத்தண்ணிக்கென்று வைத்திருந்த பால்மா டின்னில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த வெறும் மத்தியானங்களில் நான் அப்படி ஊட்டிய பூனைக்கு மாசி என்று பெயர்.

எங்கள் லயம் ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் 'காம்பிரா' என்ற ஒரே அறை, அதற்கு முன்னால் 'இஸ்தோப்பு' என்று நாங்கள் சொல்லும் சிறிய தாழ்வாரம், அவ்வளவுதான். எங்களுடையது கடைசி வீடு. பின்சுவரைத் தாண்டினால் மழைத்தண்ணீர் ஓடும் 'கான்', அதைத் தாண்டினால் தேயிலை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா 'ஸ்டோரு' என்று அழைக்கப்படும் தேயிலை ஆலையில் வேலை செய்தார். அப்பாவின் அக்கா, கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலையேறினால் மாலையில்தான் இறங்குவாள். அதனால் பள்ளிக்கூடம் விட்டு நான் வரும் நேரத்திலிருந்து அத்தை கூடையை இறக்கும் நேரம்வரை அந்த வீட்டில் நான் மட்டும்தான். மற்ற வீடுகளிலும் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். லயத்தின் ஒரு கோடியில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் மறுகோடியில் கேட்கும்.

மாசி வந்தது கச்சான் காற்று வீசும் மாதத்தில். ஊவா மலைகளில் அந்தக் காற்று அடிக்கத் தொடங்கினால் தகரக் கூரை நாள் முழுக்கப் படபடக்கும், உதடு வெடிக்கும், உலர்த்திய துணி அடுத்த லயத்தில் கிடக்கும். ஒரு மத்தியானம் கதவைத் திறந்தபோது, அடுப்புக்கு மேலே சிரட்டையில் அத்தை வைத்திருந்த மாசித்துண்டைத் தள்ளிவிட்டு, கட்டைபோல் காய்ந்த அந்தக் கருவாட்டை இரண்டு கால்களாலும் அமுக்கிக் கடித்துக்கொண்டிருந்தது ஒரு பூனை. அதன் நிறமும் கிட்டத்தட்ட மாசியின் நிறம்தான். சம்பலுக்கு வைத்திருந்தது போயிற்றே என்று நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நின்றேன். அது ஓடவில்லை.

மாலையில் வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "வெரட்டாத. வயித்துல ஒண்ணும் இல்லாமத்தான் வந்து கைய வைக்குது. நீ சாப்புடுறப்ப ஒரு வாய் போட்டா அது ஏன் களவெடுக்கப் போவுது?" என்றாள்.

எங்கள் லயத்தில் யாரும் 'செல்லப்பிராணி' என்ற சொல்லைச் சொன்னதில்லை. அது பள்ளிப் புத்தகத்தில் இருந்த சொல். நாய்க்கு வடித்த கஞ்சி, ஆட்டுக்குப் பலாத்தோல், கோழிக்கு உடைந்த அரிசி என்று எல்லாமே மனிதர்களுக்கு மிஞ்சியதுதான். நான் மாசிக்குக் கொடுத்தது மிஞ்சியதை அல்ல. நெத்தலியின் உடம்பைக் கொடுத்துவிட்டுத் தலையை நான் தின்றேன். ரொட்டியின் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பிய்த்துக் கறியில் நனைத்து ஊட்டிவிட்டு ஓரத்தை மென்றேன். சனிக்கிழமைகளில் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்கார நானாவுக்கும் இது தெரிந்திருந்தது. அத்தைக்கு மீனை வெட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு செவுளும் கொஞ்சம் குடலும் இலையில் சுருட்டி, "இந்தா மகள், இத ஒங்கட பூனைக்குக் குடுங்க" என்று என் கையில் வைப்பார். ஒரு பெரிய மனிதர் எனக்கென்று ஏதோ கொண்டுவந்து கொடுப்பது வாரத்தில் அந்த ஒரு முறைதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை மாலையில் அம்மா குவைத்திலிருந்து போன் எடுப்பாள். அப்பாவிடம் ஒரு சிறிய போன் இருந்தது, ஆனால் லயத்தில் 'சிக்னல்' கிடைக்காது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முழங்கால் வலியால் அத்தை அங்கே ஏறுவதில்லை. நானும் அப்பாவும் மட்டும் போவோம். முதல் மாதங்களில் அந்தப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது. "சாப்புட்டியா புள்ள?" "சாப்புட்டேன்." "பள்ளிக்கூடம் போனியா?" "போனேன்." அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வராது. அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அப்பா போனை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றுகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அம்மா, மாசி ஒரு ஓணானப் புடிச்சுக்கிட்டு வந்து அத்தையோட கூடையில போட்டுருச்சு. அத்தை கூடையத் தூக்கி வீசிட்டு ரோட்டுக்கே ஓடிட்டாங்க" என்றேன். அம்மா சிரித்தாள். குவைத்துக்குப் போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து வாரம் முழுக்க மாசி என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வதே என் வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை வந்தால் தாங்கிக்கு நான்தான் முன்னால் ஓடுவேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அம்மாவும் சொல்லத் தொடங்கினாள். "இங்கயும் ரெண்டு பூனை இருக்கு புள்ள, வெள்ளை வெளேர்னு. அதுங்களுக்குன்னே பாக்கெட்டுல பிஸ்கட்டு வாங்குறாங்க. மேடம் குடுத்தா மோந்துகூடப் பாக்காதுங்க. நான் கையில வச்சு நீட்டுனாத்தான் திங்கும்."

அவள் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அதைச் சொன்னாள். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக இறங்கி வந்தேன். அம்மாவின் கையைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இருந்தது; கொழுந்துக்கறை படிந்த அதன் விரல் நுனிகள், சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாயருகே கொண்டுவரும்போது அதில் வரும் வாசம். அந்தக் கையில் இப்போது இரண்டு வெள்ளைப் பூனைகள் தின்றுகொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். மாசி வழக்கம்போல் காலைச் சுற்றியது. நான் அதைக் காலால் இஸ்தோப்புக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ரொட்டி முழுவதையும், அதன் மெத்தென்ற நடுப்பகுதியையும் சேர்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து நானே தின்றேன். வெளியே கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு கத்தவில்லை.

மறுநாள் மாசி இல்லை. அன்று மீன்கார நானா கொடுத்த செவுளை இலையோடு கையில் வைத்துக்கொண்டு கான் ஓரமாக நடந்து, தேயிலை நிரைகளுக்குள் குனிந்து, "மாசி, மாசி" என்று கூப்பிட்டேன். மூன்று நாள் கூப்பிட்டேன். இலையில் எறும்பு மொய்த்தது. நான்காம் நாள் அத்தை, "பக்கத்து டிவிசனுக்குப் போயிருக்கும். அங்க எலி நெறய. நல்லா தின்னுட்டுத் திரியும், நீ அழுவாத" என்றாள். நான் நம்பினேன். நான் அதைப் பட்டினி போட்டதை அத்தையிடம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எடுத்த எடுப்பிலேயே, "மாசி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது; அப்பா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு" என்றேன். அப்பாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் குடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

நான் சொல்லச் சொல்ல மாசி பெரிதாகியது. கோயில் பொங்கலைத் தின்றது, பள்ளிக்கூடம்வரை என் பின்னால் வந்தது, மழையில் நனைந்து இருமியது. அம்மா தன் பக்கத்துக் கதைகளைச் சொன்னாள். வெள்ளைப் பூனைகளில் ஒன்று திரைச்சீலையில் தொங்கியதாம், மற்றொன்று அலமாரிக்குள் தூங்கிப் பூட்டுப்பட்டுவிட்டதாம். எனக்கு அவற்றின் மேலிருந்த பொறாமைகூட மெல்லத் தணிந்துவிட்டது.

அம்மா கப்பலில் அனுப்பிய பெட்டி ஒன்று வந்தது. சவர்க்காரம், எனக்குச் சட்டை, அப்பாவுக்குப் போர்வை, அவற்றுக்கு அடியில் பூனைப் படம் போட்ட ஒரு பாக்கெட். அத்தை அதை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் பாக்கெட்டைக் கிழித்து, மீன் வடிவத்தில் சிறியதாக இருந்த பிஸ்கட் ஒன்றை வாயில் போட்டேன். கருவாட்டுத் தூளும் மாவும் கலந்த சுவை. துப்பவில்லை, அம்மா கைப்பட வைத்து அனுப்பியது. மிச்சத்தைச் சனிக்கிழமை மீன்கார நானாவின் மோட்டார் சைக்கிளைச் சுற்றி வரும் லயத்துப் பூனைகளுக்குக் கொட்டினேன். எங்கிருந்தோ ஏழெட்டு வந்து சேர்ந்தன. அவை எப்படி மோந்தன, எப்படிக் கடித்தன என்று கவனமாகப் பார்த்துவைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை மாசி தின்றதாகச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

போய் நான்கு வருடங்கள் கழித்து அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள், நிறம் வெளுத்திருந்தாள். நான் அவள் தோளுக்கு வளர்ந்துவிட்டிருந்தேன். இருவருக்கும் கூச்சமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் இஸ்தோப்பில் நின்றுகொண்டே, "எங்க புள்ள மாசி?" என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா அத்தையைப் பார்த்தார்.

"அது செத்து மூணு வருசமாச்சு சரசு" என்றாள் அத்தை. "கான்ல கெடந்துச்சு. பாம்பு கீம்பு கடிச்சிருக்கும். புள்ள அழுவும்னு நான்தான் சொல்லாம பொதச்சேன்."

பக்கத்து டிவிசனில் எலி பிடித்துக்கொண்டு அது எங்கேயோ இருக்கிறது என்று மூன்று வருடம் நான் வைத்திருந்த நம்பிக்கை அப்போதுதான் போயிற்று. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தப் பூனை வீட்ட விட்டு நான் மாறியும் ரெண்டு வருசமாச்சு. பொறவு போன வீட்டுல பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. படுத்த படுக்கையா ஒரு வயசான அம்மா மட்டும்தான். பூனை இல்லன்னு சொன்னா நீ பேசாமப் போயிருவியோன்னு சும்மா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இதைக் கேட்பவர்கள் 'பிறகு நீங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பீர்கள்' என்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டாள், அத்தை தேத்தண்ணி வைத்தாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் உண்மையான சிரமம் தெரிந்தது. ஒரே காம்பிராவுக்குள் இருந்துகொண்டு எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அம்மா முன்பக்கம் இருந்தால் நான் பின்பக்கம் இருந்தேன். அவள் சோற்றைத் தட்டில் போட்டு வைப்பாள், நான் எடுத்துத் தின்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: கூடவே இருந்த அம்மாவை வைத்துக்கொண்டு, போனில் சிரித்த அம்மாவை நினைத்து ஏங்கினேன். பல வெள்ளிக்கிழமைகளில் காரணமில்லாமல் தாங்கிப் பக்கம் ஏறிப்போய் நின்றுவிட்டு இறங்கியிருக்கிறேன்.

இப்போது நான் பதுளையில் ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறேன். போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை இறந்து ஐந்து வருடமாகிவிட்டது. மீன்கார நானா வருவதில்லை. தண்ணீர்த் தாங்கியை இடித்துவிட்டுக் குழாய் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வீடுகளில் ஏழில் பூட்டுத் தொங்குகிறது. அங்கிருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். லயத்தில் ஒரு பூனையைக்கூட நான் பார்க்கவில்லை. மத்தியானத்தில் சாப்பிடுகிற பிள்ளைகள் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் இஸ்தோப்பில் உட்கார்ந்து பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். எப்படியோ அது வாயில் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மாலை கோபத்தில் மாசியைப் பட்டினி போட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதை, ஏன் கோபம் வந்தது என்பதையும் சேர்த்து, முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். "பசிச்சுத்தான் அது கான் பக்கம் போயிருக்கும்மா. சோறு போட்டிருந்தா வீட்டுலயே கெடந்திருக்கும்."

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "ஒரு நேரம் பசிச்சதுக்கா பூனை வீட்ட விட்டுப் போகும்? அதுக்கு அது பாட்டுக்கு ஒரு சோலி இருந்திருக்கும்" என்றாள். பிறகு கையிலிருந்த தோலை மடியில் போட்டுவிட்டு, "பசிக்காகப் பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போனது நான்தானே" என்றாள்.

அவள் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி பட்டாணியை அள்ளி என் பக்கம் நீட்டினாள். அதை வாங்காமல், குனிந்து, அவள் கையிலிருந்தே தின்றேன்.