லிப்ஸ்டிக் பூசிய கால்

அம்மாவுக்கு இருந்த நரம்புக் கோளாறு எனக்கும் வந்தது. பாதம் வளைந்து, விரல்கள் மடங்கி, கணுக்காலுக்குக் கீழே உணர்வே கிடையாது. ஓசூர் கம்பெனியில் எட்டு மணி நேரமும் நின்றே வேலை. அதனால் கிருஷ்ணகிரியில் இந்த மாதிரிக் கால்களுக்குச் செருப்பு செய்யும் ஒருவரிடம் பாதத்தை அச்செடுத்து, சேஃப்டி ஷூவுக்குள் வைக்கத் தனியாக ஒரு சோல் செய்துகொண்டேன்.

போட்டு நடக்கச் சொல்லி, "எங்கயாவது கடிக்குதாண்ணா?" என்று கேட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்குப்பா" என்றேன். எனக்கு அப்படித்தான் பட்டது.

நாலாம் நாள் ஷிப்ட் முடிந்து சாக்ஸைக் கழற்றும்போது மனைவிதான் கத்தினாள்: "ஏங்க, ரத்தம்!" சுண்டுவிரலுக்குக் கீழே புண். மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

புண் ஆறியபின் சோல் செய்தவரிடம் போனதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உணர்வில்லாத காலப் போயி கடிக்குதான்னு கேட்டேன் பாருங்க!" இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. துருத்திய எலும்பின் மேல் லிப்ஸ்டிக் தடவி, சோலின் மேல் நடக்க வைத்தார். சோலில் சிவப்பு ஒட்டிய இடத்தைத் தேய்த்துக் குழித்தார்.

"எனக்கு ஒரு லிப்ஸ்டிக் வாங்கித் தந்ததில்ல, காலுக்குப் பாரு யோகத்த" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

நாலாவது நடையில் சிவப்பு ஒட்டவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்றேன்.

"போங்கண்ணா. ஒவ்வொரு டீ பிரேக்குக்கும் சாக்ஸக் கழட்டி, கண்ணால பாத்துடுங்க."

பார்க்கிறேன். டீ ஆறித்தான் கிடைக்கிறது.