கைடைப் பற்றி ஒரு விசாரிப்பு

சண்முகப்பிரியா மேடம் மின்னஞ்சல் அனுப்புவதைப் பார்ப்பதற்காகவே சில நாட்கள் நான் டீ குடிக்கப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் உதடுகள் மட்டும் அசைய ஒரு தடவை வாசிப்பார். திரையில் அம்பை அனுப்பும் பொத்தான் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொள்வார். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றுவார். கழுத்துச் சங்கிலியின் கொக்கியைப் பிடரிக்குத் தள்ளுவார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசி போடும்போது குழந்தைகள் திரும்பிக்கொள்வார்களே அப்படி, விரலை மட்டும் அழுத்துவார். போய்விட்டது என்று தெரிந்ததும் அதே மின்னஞ்சலைத் திறந்து பிழை தேடுவார். பிழை எப்போதும் இருக்கும்.

சிங்காநல்லூர் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. மின்னியல் துறையில் அவருக்கு எதிர் மேஜை என்னுடையது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் துறையில் எல்லோரும் என் முன்னால், பீரோவுக்கு முன்னால் பேசுவதுபோலத் தாராளமாகப் பேசுவார்கள். மேடத்தின் கதை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மோட்டார் பாடம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். வீடு கணபதியில். கணவர் மிதுன் அங்கேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். மாமனார் பாலுசாமி தாராபுரத்துக்குப் பக்கத்தில் விவசாயம். நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு, ஆளுக்கொரு மோட்டார். கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு மேடம் மாமனாருக்குச் சீராகக் கொண்டுபோனது ஒரு பாதுகாப்பு ரிலே. கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் தானே நின்றுவிடும், உள்ளே கம்பிச்சுருள் கருகிப் புகையாது. தானே மாட்டிக் கொடுத்து, ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார். அடுத்த முறை போனபோது ரிலே பெட்டி பளபளவென்று விபூதி பூசி அப்படியே இருந்தது. வயர் மட்டும் அதற்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு வேறு வழியாக மோட்டாருக்குப் போயிருந்தது.

கேட்டதற்குப் பாலுசாமி, “பக்கத்து மோட்டாரு ஓடற சத்தம் கேக்கறப்ப நம்முளுது சும்மா கெடந்தா எப்படி அம்மிணி?” என்றாராம். நான்கு மோட்டாரும் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அதைத்தான் மேடம் ஆராய வேண்டும் என்று நினைத்தார். வறண்ட கிணற்றில் மோட்டார் ஏன் ஓடுகிறது? நகருக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் இயந்திரவியல், பொருளாதாரம், சமூகவியல் மூன்றும் சேர்ந்து நடத்தும் முனைவர் பட்டப் படிப்பு இருந்தது. வருடத்துக்கு நான்கைந்து பேரைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பிப்பது எங்கெங்கோ இருந்து நூற்றுக்கணக்கில். முதல் வருடம் விண்ணப்பித்தார். இது சமூகவியல் மாதிரி இருக்கிறது என்று இயந்திரவியல்காரர்கள் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் வருடம் சமூகத்தை நிறையச் சேர்த்து எழுதினார். இது பம்பு மாதிரி இருக்கிறது என்று சமூகவியல்காரர்கள் தள்ளினார்கள். இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆய்வு முன்மொழிவை எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார். “ஏனுங்க தம்பி, நீங்கதான் புதுக்கவிதையெல்லாம் படிக்கறவரு. இது எங்க நீளுதுன்னு பாத்துச் சொல்லுங்க.” எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நீளமான வாக்கியங்களை வெட்டி வெட்டி அடுத்தடுத்த வரியில் போட்டேன். மேடம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “மோட்டாரு தனியா ஒரு வரில நிக்குதுங்களே, பாவமா இருக்குது” என்றார். மறுபடி ஒட்டவைத்தோம்.

எப்படியோ நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. தேர்வானால் பேராசிரியர் ஃபர்சானா என்ற சமூகவியல்காரர் கைடாக இருப்பார் என்றும் போட்டிருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, ஏதோ வேலையாக வந்திருந்த பாலுசாமி எத்தனை வருடம் என்று கேட்டார். ஐந்து, ஆறுகூட ஆகலாம் என்றார் மேடம். பாலுசாமி சாப்பாட்டுத் தட்டில் கையை அப்படியே வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தவரை, இன்னொருத்தர் பொறுப்பில் வீட்டுப் பெண்ணை இத்தனை வருடத்துக்கு அனுப்புவதற்குப் பெயர் ஒன்றுதான். அதை விசாரிக்காமல் செய்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

“விசாரிச்சீங்களா?”

மிதுன், இது படிப்பு, கல்யாணச் சம்பந்தம் இல்லை, இணையத்தில் எல்லாம் போட்டிருக்கிறது என்று விளக்கினாராம். இணையத்தில் போடுகிறவன் தன்னைப் பற்றிக் கெட்டதா போடுவான் என்று பாலுசாமி கேட்டார்.  பெண் வீட்டுக்காரர் எதிரில் விசாரிக்கக் கூடாது, சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது, தினமும் பார்க்கிறவர்களாக, ஒருவரையொருவர் அறியாதவர்களாக மூன்று பேரைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நாலு பெண்ணுக்கு அப்படித்தான் இடம் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மேடம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு சொன்ன ஒன்றை நான் கவனித்தேன். “மாமா வேண்டாம்னு சொல்லிப்போட்டாருன்னா நான் போகமாட்டேனுங்க தம்பி. பெரியவங்க பேச்சைத் தட்டீட்டு எப்படிப் போறது.” ரிலேவைத் தவிர்த்து வயரை வேறு வழியாக விட்டதற்காக இதே பெரியவரிடம் அரைநாள் சண்டை போட்டவர்தான் இதைச் சொன்னது. மூன்றாம் தடவையும் தள்ளிவிட்டால் துறையில் எப்படி முகம் காட்டுவது என்று ஒரு பயம் அவருக்கு இருந்தது. மாமனார் தடுத்துவிட்டார் என்றால் அந்த அவமானத்திலிருந்து தப்பித்துவிடலாம்.

பாலுசாமி வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு காலை முழுக்க அந்த நிறுவனத்தின் வாசலில் நின்றார். எதிரில் உள்ள பேக்கரியில் தேங்காய் பன் தின்றார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, “மூணு பேருமே நல்ல எடம்னுதான் சொன்னாங்க அம்மிணி. தாராளமாப் போயிட்டு வா” என்றார். மேடத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேர்காணலில் மூன்று பேர். சசிதர் என்ற இயந்திரவியல் பேராசிரியர், பேசாமல் குறிப்பெடுக்கும் பொருளாதாரக்காரர் ஒருவர், நடுவில் ஃபர்சானா. மேடம் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் ஃபர்சானா கேட்ட முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியது இல்லை. போன வாரம் ஒரு பெரியவர் பேக்கரியில் வந்து, அந்தப் பேராசிரியர் அம்மா கோபக்காரங்களா, புள்ளைகளை நடுவுல கைவிட்டுருவாங்களா என்று விசாரித்தாராமே, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

 மறுத்துவிடலாம் என்று மேடத்துக்கு ஒரு கணம் தோன்றியிருக்கிறது. ஆனால் பாலுசாமி விசாரிக்கிற இடத்தில் முதலில் தன் ஊர், பேர், தோட்டம் காடு இருக்கிற திசை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார் என்பது நினைவுக்கு வந்தது.

“என்ற மாமனாருங்க மேடம்.”

“எதுக்கு விசாரிச்சாரு?”

“அஞ்சு வருசங்களே மேடம்.”

பொருளாதாரக்காரர் பேனாவை மூடினார். என்னைப் பற்றி என்ன தெரியவந்ததாம் என்று ஃபர்சானா கேட்டார். மேடம் உண்மையைத்தான் சொன்னார். நல்ல இடம் என்று மூன்று பேரும் சொன்னதாகச் சொன்னார்.

“என்னையா? மூணு பேருமா?”

ஃபர்சானா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். சசிதர் முதலில் இருமுகிறவர் போல ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். பேசாத பொருளாதாரக்காரருக்கு மேஜையே குலுங்கியது. தான் சொன்னதில் அப்படி என்ன இருந்தது என்று மேடத்துக்கு விளங்கவில்லை. போச்சு, இந்த வருடமும் போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டார். போனது போகட்டும், ஒழுங்காகப் பேசிவிட்டாவது போவோம் என்று அதற்கப்புறம் அவருக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது.

ரிலேவை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தால் பிரச்சினை தீருமே என்று சசிதர் கேட்டார். தீராதுங்க, மாட்டின மறுநாளே வயரைச் சுற்றி விட்டுவிடுவார்கள், எங்கள் வீட்டிலேயே நடந்தது என்றார் மேடம். அப்படியானால் இது மனிதர்களின் பிரச்சினைதானே, மோட்டார் எதற்கு என்றார் ஃபர்சானா. மேடம் அதையும் விடவில்லை. ஒருத்தர் மோட்டார் ஓடும் சத்தம் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்பதால்தான் அவரும் போடுகிறார். சத்தமே வராத மோட்டாரை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க மோட்டாரும் தெரிய வேண்டும், பங்காளிகளும் தெரிய வேண்டும் என்றார். அப்புறம் பேராசிரியர்கள் மூவரும் தங்களுக்குள் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் நடுவில் உட்கார்ந்து, பேசுகிறவர் பக்கமெல்லாம் திரும்பி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவராகவே, “வாரேனுங்க” என்று எழுந்து வந்துவிட்டார்.

முடிவு வந்த அன்று நாங்கள் இருவர் மட்டும் துறையில் இருந்தோம். மேடம் அதைத் திறக்கவில்லை. என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் படித்தேன். அவர் பெயர் இருந்தது. சத்தமாகச் சொல்ல வேண்டியதுதான். நான் அவரைப் போலவே பிழை தேடுகிறவன் மாதிரி முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். அந்தத் தாமதத்தை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டு, பரவாயில்லைங்க தம்பி, எனக்குத் தெரிஞ்சதுதான் என்று எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் முகத்துக்கு நேரே காட்ட வேண்டியதாயிற்று. பார்த்துவிட்டு அவர் முதலில் மிதுனைக் கூப்பிடவில்லை. தாராபுரத்துக்குத்தான் போன் போட்டார்.

சேர்ந்து ஒரு வருடம் போல ஆகிறது. ஃபர்சானா அவரை இரண்டு முறை அழவைத்திருக்கிறார். மேடம் ஒருமுறை அவரைத் தாராபுரத்துக்கே கூட்டிப்போய்க் கிணற்று மேட்டில் நிற்கவைத்திருக்கிறார். அன்றைக்குப் பாலுசாமி நான்கு மோட்டாரையும் போட்டுக் காட்டினாராம், விருந்தாளிக்காக.

போன மாதம் மேடத்தின் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பாலுசாமிக்கு. என்னிடம் எல்லோரும் தாராளமாகப் பேசுவார்கள் என்றேனே, அவரும் விலக்கில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, அன்றைக்கு நீங்கள் விசாரித்து வந்தது நல்லதாகப் போயிற்று என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். மருமகள் அந்தக் கோடியில் யாருக்கோ பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அதை ஏனுங்க கேக்கறீங்க. பேக்கரிக்காரரு, வாட்ச்மேனு, துணி தேய்க்கறவரு, மூணு பேருமே வேண்டாம்னுதானுங்க சொன்னாங்க.”