ஒப்பீட்டுக்குக் கொடுத்த ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ரத்தக் குப்பி, ஐஸ் வாளிக்கு வெளியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். "கெட்டுப்போனா உங்க மாமனாரா வந்து திரும்பப் பண்ணித் தருவாரு?" என்று என்னையே கேட்டிருக்கிறார்.

கல்லீரல் செல் தயாரிக்கும் ஒரு புரதம்தான் அவருடைய வாழ்நாள் வேலை. செல்லுக்குள் மடிப்பு மடிப்பாக எண்டோபிளாச வலை என்று ஒன்று உண்டு. அமினோ அமிலங்கள் மணி மணியாகக் கோக்கப்பட்டு இந்தப் புரதம் உருவாவதும், சரியான வடிவத்தில் மடிவதும் அங்கேதான். பிறகு சிறு பைகளில் ஏறி வெளியே வந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலைக் காக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது கோணலாக மடிகிறது. வலை லேசுப்பட்டதல்ல, கோணலானதை வாசல் தாண்ட விடாது. புரதம் உள்ளேயே தேங்கிவிட, நுரையீரல் காவலில்லாமல் கிடக்கும். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் புரதத்தை அளக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டும். அதற்கு ஊரெல்லாம் ஆள் தேடுவார்களா? நாங்களே கையை நீட்டிவிடுவோம். ஒருமுறை அக்கா கொடுத்தார். இருக்க வேண்டிய அளவில் பாதிக்குச் சற்று மேலேதான் வந்தது.

"சே, ஐஸ்ல வைக்காம விட்டுட்டேன் போலிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரத்தத்தைக் கொட்டிவிட்டு என் கையைப் பிடித்தார். என்னுடையது சரியாக வந்தது, பேச்சு அதோடு முடிந்தது. கணக்கு இடித்தால் முதலில் எங்கள் கையைத்தான் சந்தேகிப்போம். இந்தப் புத்தியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் ஒரே தம்பி லாரி ஓட்டுபவர். வாயில் சிகரெட் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. பல வருஷம் கழித்து, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனை முடிவைப் பார்த்த அக்கா, தன் ரத்தத்தையும் எடுத்துப் பரிசோதித்தார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் தம்பிக்கு அந்தக் கோணல் வந்திருந்தது. அக்காவுக்கு ஒருவரிடமிருந்து மட்டும், அதனால்தான் அன்றைக்கு அந்த அளவு. கெட்ட நுரையீரல் இனித் திரும்பாது.

"என் கையிலேயே இருந்துச்சு. கொட்டிட்டேனே" என்று என்னிடம் அழுதார். அவ்வளவு கறாரான மனுஷி அழுது நான் பார்த்ததே இல்லை.

தம்பியிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா சிகரெட்ட விட்டிருப்பே, இல்லடா?"

தம்பி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நானா? நல்லா சொன்னே போ! யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்க்கா. நீ சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத."

அக்கா சரி என்று தலையாட்டினார். நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பாக்கெட்டைத் தூக்கி எறிந்தவர் அந்தத் தம்பி. அதன் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவே இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும்.